பெருங்கடல் பாய்மரப் பந்தயம் வழியே குறைமாதக் குழந்தைகளுக்கு நிதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருங்கடலைக் கடக்கும் பாய்மரப் படகுப் பந்தயத்தில் கலந்துகொண்டு, அதை வைத்துக் குறைமாதக் குழந்தைகளுக்குப் பணம் திரட்ட நினைப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன். என் மகள் 29-வது வாரத்தில், 1,140 கிராம் எடையோடு பிறந்தவள். சில வருடம் கழித்து ஒரு படகுக் குழுவில் சேர்ந்து கடல் தாண்டினேன், நிதியும் திரட்டினோம். சிலவற்றைச் சரியாகச் செய்தோம். சிலவற்றைத் தப்பாகச் செய்து, அப்புறம் திருத்திக்கொண்டோம். இரண்டையும் சொல்கிறேன்.

குறைமாதக் குழந்தைக்கும் கடல் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்?

நாட்கணக்கு. மாரத்தான் ஓட்டம் ஒரே காலையில் முடிந்துவிடும். பெருங்கடல் பந்தயம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீளும். 29 வாரத்தில் பிறந்த குழந்தையும் பெரும்பாலும் பிரசவத் தேதி நெருங்கும் வரை மருத்துவமனையில்தான் இருக்கும். இரண்டு மாதம், இரண்டரை மாதம்.

இன்னொன்றும் உண்டு. பந்தயப் படகு எங்கே இருக்கிறது என்பதைக் கரையில் இருப்பவர்கள் இணையத்தில் டிராக்கர் வழியே பார்க்கலாம். ஒருமுறை பார்க்கத் தொடங்கியவர்கள் தினமும் பார்ப்பார்கள். நேற்று இருந்த இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தது? என்ஐசியூ எனப்படும் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் அம்மா அப்பாவும் விடிந்ததும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்: நேற்றைவிட எத்தனை கிராம் கூடியிருக்கிறாள்? 15 கிராம் கூடியிருந்தால் அன்றைக்குத் தீபாவளி. 10 கிராம் குறைந்திருந்தால் சோறு இறங்காது. தினமும் ஒரு எண்ணுக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்பதை உரை எழுதிப் புரியவைக்க முடியாது. டிராக்கர் பார்ப்பவருக்கு அது தானாகப் புரிந்துவிடும்.

நடுக்கடலில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வாட்ச், அதாவது படகைப் பார்த்துக்கொள்ளும் முறை, மாறும். சுக்கானைக் கொடுப்பவர் திசை, காற்றின் வேகம், எந்தப் பாயை எவ்வளவு சுருக்கியிருக்கிறோம் என்று எண்களாகச் சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போவார். முதல் இரவு அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வார்டில் இரவு நர்ஸ் காலை நர்ஸிடம் இதே குரலில்தான் ஒப்படைப்பார்: ஆக்சிஜன் இவ்வளவு, பால் இத்தனை மில்லி, மூச்சு இரண்டு தடவை நின்றது.

எத்தனை வாரத்துக்கு முன்னால் பிறந்தால் குறைமாதம்?

37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்தால். 28 வாரத்துக்கும் முன்னால் பிறப்பவர்கள் மிக அதிக ஆபத்தில் இருப்பவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. ஏறக்குறைய பத்தில் ஒன்று. ஐந்து வயதுக்குள் நேரும் குழந்தை இறப்புகளுக்கு முதல் காரணம் குறைமாதப் பிறப்பால் வரும் சிக்கல்கள்தான். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. வயிற்றுப்போக்கு, நிமோனியா என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இதற்கு நல்ல மருத்துவம் ஏற்கெனவே இருக்கிறதே, பிறகு ஏன் பணம்?

இருக்கிறது. அது எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை, அதுதான் சிக்கல்.

1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, நுரையீரல் முதிராததால் மூச்சுத்திணறி 39 மணி நேரத்தில் இறந்துபோனான். நுரையீரலின் சிறு காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் குறைமாதக் குழந்தைகளிடம் போதவில்லை என்பதை அமெரிக்க மருத்துவர் மேரி எலன் ஏவரி 1959-லேயே கண்டுபிடித்திருந்தார். ஆனால் வெளியிலிருந்து அதைக் கொடுத்துக் காப்பாற்றலாம் என்று ஜப்பானில் மருத்துவர் ஃபுஜிவாரா காட்டியது 1980-இல்தான். நாட்டின் அதிபராலேயே அன்று வாங்க முடியாத சிகிச்சை, இன்று நல்ல வார்டுகளில் வழக்கமாகக் கிடைக்கிறது. அந்த வார்டுகளுக்கும் அது இல்லாத வார்டுகளுக்கும் இடையே இருக்கும் தூரத்தைக் குறைக்கத்தான் பணம் கேட்கிறோம்.

எல்லாமே விலையுயர்ந்த கருவி என்றும் நினைத்துவிட வேண்டாம். பபிள் சிபேப் என்று ஒன்று உண்டு. குழந்தையின் மூக்கில் மெல்லிய குழாய் வழியே காற்று போகும். வெளியேறும் குழாயின் முனையை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் வைத்திருப்பார்கள். முனை எத்தனை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறதோ, அதுதான் நுரையீரலுக்குள் காற்று தரும் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருக்கும். அந்தக் களகள சத்தத்தைக் கேட்டபடி பதினொரு நாள் உட்கார்ந்திருந்தேன். குமிழி நின்றால் எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம், உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

திரட்டும் பணத்தில் என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். பதில்: நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வார்டில் போய்க் கேளுங்கள். டாக்டரை மட்டுமல்ல, நர்ஸையும், கருவிகளைப் பழுதுபார்ப்பவரையும், குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவையும் கேளுங்கள்.

நாங்கள் கேட்காமல் அறிவித்துவிட்டோம். “ஒரு இன்குபேட்டர் வாங்கித் தருகிறோம்” என்று படத்தோடு போட்டோம். மூன்று வாரத்தில் நல்ல தொகை சேர்ந்தது. அப்புறம்தான் வார்டுக்குப் போனோம். அங்கே ஏற்கெனவே இரண்டு இன்குபேட்டர் மூலையில் சும்மா நின்றன. குழந்தையின் தோலில் ஒட்டி வெப்பநிலையைக் காட்டும் சிறிய சென்சார்கள் கெட்டுப்போயிருந்தன, மாற்றுவதற்கு வேறு இல்லை. இன்னொரு இன்குபேட்டர் வந்தால், ஒரு வருடத்தில் அதுவும் அந்த மூலைக்குத்தான் போகும்.

“அப்போ என்ன வேண்டும்?” என்று கேட்டோம். மூத்த நர்ஸ் கொஞ்சம் தயங்கி, “சாய்வு நாற்காலி” என்றார். கங்காரு பராமரிப்பு என்று குழந்தையை அம்மாவின், அல்லது அப்பாவின், வெறும் நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையான ஒரு மருத்துவமனையில் மருத்துவர் எட்கர் ரே தொடங்கிவைத்த முறை இது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம், பிறந்த உடனேயே இதைத் தொடங்கச் சொல்லிவிட்டது. ஒரு நாளில் பல மணி நேரம், முடிந்தால் நாள் முழுக்க, இப்படி வைத்திருக்க வேண்டும். அந்த வார்டில் தாய்மார்கள் முதுகு சாய இடமில்லாத பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். அறுவை சிகிச்சை செய்து குழந்தை பெற்று ஆறு நாள் ஆன ஒருவர், ஒரு கையால் குழந்தையையும் மறு கையால் தையல் போட்ட வயிற்றையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

நன்கொடை தந்த ஒவ்வொருவருக்கும் எழுதி, இன்குபேட்டருக்குப் பதில் நாற்காலியும் சென்சாரும் வாங்கலாமா என்று அனுமதி கேட்டோம். ஒரு பொருளின் பெயரைச் சொல்லி வாங்கிய பணத்தை வேறொன்றுக்குத் திருப்ப நமக்கு உரிமை கிடையாது. நான்கு பேர் தவிர எல்லாரும் சரி என்றார்கள். அந்த நான்கு பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

கேட்கும்போது வேறு என்ன வரலாம் என்றால்: ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவிக்குக் குழந்தை அளவு பட்டைகள், தாய்ப்பால் எடுக்கும் பம்பு, தாய்ப்பால் வங்கிக்குக் குளிர்சாதனப் பெட்டி, விழித்திரை பரிசோதனைக்கு வந்துபோகும் டாக்டரின் செலவு, தூரத்து ஊரிலிருந்து வரும் பெற்றோருக்குத் தங்குமிடம், நர்ஸ்களுக்குப் பயிற்சி. இதில் விழித்திரை விஷயத்தைத் தள்ளிப்போட முடியாது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்தால், குறித்த சில வாரங்களுக்குள் பார்த்துச் சிகிச்சை தர வேண்டும். தவறினால் பார்வை போய்விடும்.

எந்தப் பந்தயத்தில் சேரலாம்? நான் தொழில்முறை மாலுமி இல்லை.

பெரும்பாலானவர்கள் இல்லை. கிளிப்பர் உலகச் சுற்றுப் பந்தயம் சாதாரண ஆட்களுக்காகவே பிரிட்டிஷ் மாலுமி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் உருவாக்கியது, முதல் பந்தயம் 1996-இல் புறப்பட்டது. பயிற்சி கொடுத்துத்தான் படகில் ஏற்றுவார்கள். முழு உலகத்தையும் சுற்ற வேண்டியதில்லை, ஒரு கட்டத்துக்கு மட்டும்கூடச் சேரலாம். சொந்தப் படகோ நண்பர் படகோ இருந்தால் ஏஆர்சி (அட்லாண்டிக் ரேலி ஃபார் க்ரூசர்ஸ்) இருக்கிறது. நவம்பரில் கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கிளம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியத் தீவான செயின்ட் லூசியா வரை, சுமார் 2,700 கடல் மைல். பலருக்கு மூன்று வாரம் ஆகும். ஆஸ்திரேலியாவில் சிட்னியிலிருந்து ஹோபார்ட் போகும் பந்தயம் 628 கடல் மைல்தான், ஆனால் கடல் அங்கே முரடு.

நிதி திரட்டும் கண்ணோட்டத்தில் என் கருத்து: மூன்று வாரத்துக்குக் குறையாத பந்தயம் நல்லது. அதற்குக் குறைந்தால், ஆட்கள் தினமும் பார்க்கும் பழக்கத்துக்கு வருவதற்குள் முடிந்துவிடும்.

என் பயணச் செலவை நன்கொடையிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒரு காசுகூட.

நுழைவுக் கட்டணம், பயிற்சி, மழையுடை, உயிர்காப்பு அங்கி, உணவு, காப்பீடு எல்லாம் சேர்ந்தால் பெரிய தொகை. சில சமயம் நீங்கள் திரட்டப்போகும் தொகையைவிடவும் அதிகம். “அந்தப் பணத்தை அப்படியே மருத்துவமனைக்குக் கொடுத்துவிடலாமே, கடலுக்கு எதற்குப் போகிறாய்?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், கோபப்படாதீர்கள். உங்கள் செலவு உங்கள் சேமிப்பிலிருந்தோ ஸ்பான்சரிடமிருந்தோ வருகிறது, குழந்தைகளுக்கென்று வந்த பணத்தில் படகுக்கு எதுவும் போகவில்லை என்று கணக்கோடு காட்ட முடிந்தால், அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. காட்ட முடியாவிட்டால் பதில் இல்லை.

நாங்கள் “படகுக் கணக்கு”, “குழந்தைக் கணக்கு” என்று முதலிலிருந்தே இரண்டாகப் பிரித்தோம். அதைவிடச் சிறந்த வழி, நன்கொடை நேராக மருத்துவமனையின் அறக்கட்டளைக்கோ பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்துக்கோ போய், ரசீதும் அங்கிருந்தே வருவது. பணம் உங்கள் கைக்கே வரவில்லை என்றால், சந்தேகத்துக்கும் இடமில்லை. வரிச்சலுகை, அனுமதி எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். ஒரு கணக்காளரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

தொண்டு நிறுவனத்தின் பெயரைப் பாயில் எழுதலாமா?

பந்தய அமைப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு எழுதலாம். விளம்பரத்துக்கு ஒவ்வொரு பந்தயத்திலும் விதி உண்டு. தொண்டு நிறுவனமும் தன் பெயரைப் பயன்படுத்தச் சம்மதித்திருக்க வேண்டும்.

“ஒரு மைலுக்கு இவ்வளவு” என்று கேட்பது நல்ல முறையா?

கேட்கும்போது நன்றாக இருக்கும், வசூலிக்கும்போது தலைவலி. பாய்மரப் படகு எதிர்காற்றில் நேராகப் போக முடியாது, வளைந்து வளைந்துதான் முன்னேறும். அதனால் ஓடிய தூரம் எப்போதும் பாதையின் நீளத்தைவிட அதிகம். எந்தத் தூரத்துக்குப் பணம்? அறிவிக்கப்பட்ட பாதையின் நீளம்தான் கணக்கு என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர் என்பதையும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்கும் கேள்வி வரும். முடிந்தால் தொகையை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கரைக்கு வந்த பிறகு வாக்குறுதிகளைத் துரத்துவது மனவருத்தத்தில் முடியும்.

வேறு வழியும் உண்டு. பிரான்சிலிருந்து கிளம்பித் தனி ஆளாக உலகைச் சுற்றும் வாண்டே குளோப் பந்தயத்தில், இனிஷியாட்டீவ்-கேர் (Initiatives-Cœur) என்ற படகு இதயக் கோளாறோடு பிறந்த குழந்தைகளுக்காக ஓடுகிறது. அந்தப் படகின் சமூக ஊடகப் பக்கத்தை ஒருவர் புதிதாகப் பின்தொடர்ந்தால், ஸ்பான்சர்கள் ஒரு யூரோ கொடுப்பார்கள். பார்ப்பவருக்குச் செலவே இல்லை, ஆனால் தானும் ஏதோ செய்தோம் என்ற உணர்வு வந்துவிடுகிறது. உங்களுக்கு ஒரு நல்ல ஸ்பான்சர் கிடைத்தால் இதைக் கேட்டுப் பாருங்கள்.

தொடக்கத்தில் பணம் வந்தது, நடுவில் நின்றுவிட்டது. என்ன செய்வது?

எல்லாருக்கும் இப்படித்தான் நடக்கும். புறப்படும் நாளில் கூட்டம், கரை சேரும் நாளில் கூட்டம். நடுவில் யாரும் இல்லை.

பூமத்திய ரேகைப் பக்கம் டோல்ட்ரம்ஸ் என்று மாலுமிகள் சொல்லும் பகுதி இருக்கிறது. அங்கே காற்று விழுந்துவிடும். பாய் தொங்கும், படகு ஆடும், டிராக்கரில் புள்ளி நகராது. எங்கள் குழுவில் ஒருவர், இந்த நாட்களில் எழுத ஒன்றுமில்லை, விட்டுவிடலாம் என்றார். நான் அன்றைக்குத்தான் என் மகளைப் பற்றி முதல் தடவையாக எழுதினேன். இருபதாவது நாள் முதல் இருபத்தாறாவது நாள் வரை அவள் எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. மூக்குக் குழாய் வழியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சில மில்லி பால். அவ்வப்போது மூச்சுவிட மறந்துவிடுவாள். மானிட்டர் கத்தும். நர்ஸ் ஓடிவந்து, விரல் நுனியால் அவள் உள்ளங்காலில் லேசாகத் தட்டுவார். மூச்சு திரும்பும். அவ்வளவுதான். திரும்பவும் உட்கார்ந்து காத்திருப்போம்.

புள்ளி நகராத அந்த ஐந்து நாளில் வந்த பணம், புறப்பட்ட நாளில் வந்ததைவிட அதிகம். ஆகவே உங்கள் நல்ல கதைகளை எல்லாம் முதல் வாரத்திலேயே செலவழித்துவிடாதீர்கள். வார்டிலிருந்து, பெற்றோரிடமிருந்து, ஏழெட்டுக் குறிப்புகளை முன்பே அனுமதியோடு வாங்கிக் கரையில் இருப்பவரிடம் கொடுத்துவையுங்கள்.

கடலிலிருந்து செய்தி அனுப்ப முடியுமா?

முடியும், செயற்கைக்கோள் வழியாக. பழைய கருவி என்றால் சில வரிகளும் ஒரு சிறிய படமும்தான் போகும். எப்படியானாலும் பொறுப்பைக் கரையில் ஒருவரிடம் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். அலையில் மூன்று நாள் தூங்காத ஆள் எழுதும் நன்றிக் கடிதத்தில் பெயர்கள் மாறிப்போகும். ஒரு எச்சரிக்கை: பல பந்தயங்களில் வெளியிலிருந்து வானிலை ஆலோசனை பெறுவது விதிமீறல். உங்கள் கரை ஆளுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

பாதியில் விலக நேர்ந்தால் பணம் என்னாகும்?

“படகு கரை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் நன்கொடை குழந்தைகளுக்கே” என்று வேண்டுகோளின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். மேலே சொன்ன இனிஷியாட்டீவ்-கேர் படகை 2020 பந்தயத்தில் செலுத்தியவர் சமந்தா டேவிஸ். தென் அட்லாண்டிக்கில் எதன்மீதோ மோதி, படகின் அடிப்பகுதி சேதமானது. கேப் டவுனில் ஒதுங்கிப் பழுதுபார்த்தார். வெளி உதவி பெற்றதால் போட்டியிலிருந்து விலக வேண்டியதாயிற்று. ஆனாலும் போட்டிக்கு வெளியே தனியாகப் பயணத்தைத் தொடர்ந்து, 2021 பிப்ரவரியில் உலகைச் சுற்றி முடித்தார். பரிசோ இடமோ இல்லை. குழந்தைகளுக்கான நிதி திரட்டல் நின்றுவிடக் கூடாது என்பதுதான் அவர் திரும்பக் கிளம்பியதற்கு ஒரு பெரிய காரணம்.

இதைப் படித்துவிட்டு நீங்களும் எப்படியாவது தொடர வேண்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1998-இல் சிட்னி–ஹோபார்ட் பந்தயத்தில் 115 படகுகள் கிளம்பின, புயலில் சிக்கி முடித்தவை 44 மட்டும். ஆறு பேர் இறந்தார்கள். திரும்புவதா தொடர்வதா என்ற முடிவைப் படகின் தலைவர் எடுக்கும்போது, நன்கொடை என்ற சொல்லே அங்கே வரக் கூடாது. இதையும் நன்கொடையாளர்களிடம் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள்.

குழந்தைகளின் படத்தைப் போடலாமா?

பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும். பின்னர் மனம் மாறினால், எடுத்துவிடுவதாக உறுதி தர வேண்டும். குழந்தை மோசமான நிலையில் இருக்கும்போது சம்மதம் கேட்பதே தவறு. அந்த நேரத்தில் வார்டைச் சேர்ந்தவர் எதைக் கேட்டாலும் பெற்றோர் மறுக்க மாட்டார்கள்.

மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை நியூயார்க்கின் கோனி தீவுப் பொழுதுபோக்குப் பூங்காவில் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்துக் காட்சிப்படுத்தினார். பார்க்க வருபவர்களிடம் 25 சென்ட் வாங்கினார். அந்தக் காசில்தான் நர்ஸ்கள், பால் கொடுக்கும் தாதிகள், எல்லாம். பெற்றோரிடம் எதுவும் வாங்கவில்லை. மருத்துவமனைகள் கைவிட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகள் அங்கே பிழைத்தார்கள். இந்தக் கதையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்றைக்கு என் மகள் பிறந்திருந்தால் நானும் அங்கே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன், சந்தேகமே இல்லை. ஆனால் இன்று நமக்கு வேறு வழி இருக்கிறது. கூட்டத்தை இழுக்கப் படகு இருக்கிறது, அலை இருக்கிறது, காற்று இருக்கிறது. ஆட்கள் அதைப் பார்க்கட்டும். குழந்தையைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு சின்னத் தொப்பி, ஒரு ஜோடி காலுறை, உள்ளங்கை அளவு டயப்பர் போதும். நாங்கள் என் மகளின் முதல் தொப்பியை பிளாஸ்டிக் உறையில் போட்டு, வரைபட மேசைக்கு மேலே ஒட்டியிருந்தோம். ஒரு ஆரஞ்சுப்பழத்துக்குப் போட்டால் சரியாக இருக்கும். அதிகம் பேர் கேட்டு வாங்கிய படம் அதுதான்.

எழுதும்போது எந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும்?

“போராடி ஜெயித்த குழந்தை” என்பதை. பிழைக்காத குழந்தைகளின் பெற்றோரும் உங்களைப் படிக்கிறார்கள், பணமும் அனுப்புகிறார்கள். அவர்கள் குழந்தை போராடவில்லையா என்ன? படகில் இருப்பவர்களின் கஷ்டத்தையும் குழந்தையின் கஷ்டத்தையும் ஒப்பிடாதீர்கள். நாம் விரும்பித்தான் கடலுக்குப் போகிறோம்.

நவம்பர் 17-க்கு என்ன விசேஷம்?

உலகக் குறைமாதக் குழந்தைகள் தினம். நிறம் ஊதா. அன்று படகு கடலில் இருந்தால் ஊதாக் கொடி ஏற்றி ஒரு படம் அனுப்புங்கள்.

பந்தயம் முடிந்ததும்?

முதலில் தூங்குங்கள். அப்புறம் ஒரு மாதத்துக்குள், வந்த தொகை, செலவான தொகை, வாங்கிய பொருள், ரசீது எண் எல்லாவற்றையும் எல்லாருக்கும் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து வார்டுக்குத் திரும்பப் போய், கொடுத்த பொருள் பயன்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்து இன்னொரு கடிதம் எழுதுங்கள். இந்த இரண்டாவது கடிதத்தை யாரும் எழுதுவதில்லை. நாங்கள் போனது மதிய நேரம். ஆறு நாற்காலியிலும் ஆள் இருந்தது. ஐந்தில் அம்மாக்கள், ஒன்றில் ஓர் அப்பா. சட்டைக்குள் குழந்தையை வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். எண்ணிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டோம்.